ஆன் ஹாத்தவேயை மேடை ஏத்தினா...

சில பேருக்கு கிரிக்கெட் டீம் செலக்ட் பண்றது பொழுதுபோக்கு. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுத்துக்கிட்டே பதினோரு பேரை எழுதி, அடிச்சு, திருப்பி எழுதுவாங்க. எனக்கு அதே வியாதி வேற ரூபத்தில். ஒரு சினிமா நடிகையைப் பிடிச்சு, இவங்களுக்கு எந்த மேடை மியூசிக்கல்ல எந்த வேஷம் குடுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருப்பேன். நான் நியூயார்க் பக்கம் போனதில்லை. பிராட்வேயில் ஒரு நாடகம்கூட பார்த்ததில்லை. ஆனா காஸ்ட் ரெக்கார்டிங்னு ஒண்ணு இருக்கு பாருங்க, நாடகத்துல நடிச்சவங்களே பாடின பாட்டுத் தொகுப்பு, அதைக் காதுல மாட்டிக்கிட்டு ஹாஸ்டல் விட்டத்தைப் பார்த்தா போதும். முழு நாடகத்தையும் நானே ஓட்டிடுவேன். "இதுக்கெல்லாம் இன்டர்னல் மார்க் உண்டாடி?"ன்னு ரூம்மேட் கேக்குறா. இல்லைதான். என்ன பண்றது.

ரொம்ப நாளா என் லிஸ்ட்ல முதல் பேர் ஆன் ஹாத்தவே. 'டெவில் வேர்ஸ் பிராடா' (2006) பொண்ணுன்னா எல்லாருக்கும் தெரியும். 'லே மிஸராப்ளே' (2012) படத்துல ஃபாண்டீனா வந்து, முடியை வெட்டிக்கிட்டு, ஒரே ஷாட்ல ஒரு பாட்டைப் பாடி, சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கரை அள்ளிட்டுப் போனாங்களே, அவங்கதான். படம் ரெண்டரை மணி நேரத்துக்கு மேல. அதுல இவங்க வர்றது கால் மணி நேரம் இருக்கலாம். அந்தப் படத்துல ஒரு விசேஷம் உண்டு. வழக்கமா மியூசிக்கல் படம்னா முன்னாடியே ஸ்டூடியோவில் பாட்டைப் பதிவு பண்ணிட்டு, ஷூட்டிங்ல வாயசைப்பாங்க. இதுல இயக்குநர் டாம் ஹூப்பர் எல்லாரையும் கேமரா முன்னாடியே பாட வெச்சார். நடிகர் காதுல சின்னதா ஒரு இயர்பீஸ், அதுல பியானோ. நடிகர் இழுத்தா பியானோவும் இழுக்கும், நிறுத்தினா நிக்கும். ஆர்கெஸ்ட்ராவைப் பிறகு சேர்த்தாங்க.

அந்த வேஷம் இவங்களுக்கு வந்ததுக்குப் பின்னாடி இன்னொரு கதை இருக்கு. இவங்க அம்மாவும் மேடை நடிகை. 'லே மிஸராப்ளே' நாடகம் அமெரிக்கா முழுக்க ஊர் ஊரா போனப்போ அந்தக் குழுவில் இருந்தவங்க. அதே ஃபாண்டீன் வேஷத்துக்கு மாற்று நடிகை. அதாவது, மெயின் நடிகைக்கு உடம்பு சரியில்லைன்னாதான் இவங்க முறை. அம்மா காத்திருந்த வேஷத்துக்குப் பொண்ணு ஆஸ்கர் வாங்கியிருக்கா. சினிமாக் கதையா எழுதியிருந்தா "ஓவரா இருக்கு"ன்னு நாமளே சொல்லியிருப்போம்.

ஓவர்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2013-ல் அந்த ஆஸ்கர் சமயத்துல இணையத்துல இவங்களைத் திட்றதே ஒரு ஃபேஷனா இருந்தது. அதுக்குன்னு தனியா ஒரு பேரே வெச்சிருந்தாங்க. அப்படி என்ன தப்பு பண்ணிட்டாங்கன்னு தேடிப் பார்த்தா, ரொம்ப முயற்சி பண்றாங்களாம். உழைக்கிறது வெளியில தெரியுதாம். எனக்கு இதைப் படிச்சப்போ கோவம்தான் வந்தது. பெஞ்ச்ல முதல் வரிசையில் உக்காந்து நோட்ஸ் எடுக்கிற பொண்ணைப் பார்த்து கடைசி பெஞ்ச் சிரிக்கிற அதே சிரிப்பு.

ஆனா என் கட்சிக்கு இதுவே சாட்சி. கேமரா மூக்குக்கு ரெண்டடியில் நிக்கும். புருவம் கொஞ்சம் அதிகமா தூக்கினாலும் அதுக்குத் தெரிஞ்சிடும். மேடையில அப்படி இல்லை. கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவனுக்கு உங்க முகம் ஒரு கொட்டைப்பாக்கு. அவன் வரைக்கும் போய்ச் சேரணும்னா முயற்சி வெளியில தெரிஞ்சே ஆகணும். அதுவும் வாரத்துக்கு எட்டு காட்சி. சினிமாவில் எது இவங்க குறைன்னு சொன்னாங்களோ, அதுக்கு மேடையில பேர் தகுதி.

பாட வராதவங்களை நான் மேடை ஏத்தலை, அதையும் சொல்லிடறேன். இவங்க முறையா பயிற்சி எடுத்த சொப்ரானோ, அதாவது பெண்குரல்ல மேல் ஸ்தாயி. 2002-ல், பத்தொன்பது வயசுல, நியூயார்க் சிட்டி சென்டர்ல என்கோர்ஸ் வரிசையில 'கார்னிவல்'னு ஒரு பழைய மியூசிக்கல்ல கதாநாயகி லில்லியா நடிச்சிருக்காங்க. பழைய நாடகங்களைத் தூசி தட்டி சில நாளைக்கு மட்டும் போடுற வரிசை அது. 'ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா' படத்துல (2004) கிறிஸ்டீன் வேஷம்கூட கிட்டத்தட்ட கைக்கு வந்து, 'பிரின்சஸ் டயரீஸ்' ரெண்டாம் பாகத்தோட தேதி மோதினதால போயிடுச்சு. பிராட்வேயில ஒரு முழு மியூசிக்கல் மட்டும் இன்னும் பண்ணலை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

யாரைக் கேட்டாலும் முதல்ல சொல்றது 'காபரே' நாடகத்தோட சாலி போல்ஸ். பெர்லின், ஹிட்லர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒரு கிளப், அதுல பாடுற இங்கிலீஷ் பொண்ணு. சினிமா நடிகைகள் மேடைக்குப் போகணும்னா இந்த வழியாத்தான் போறாங்க. 2014-ல் மிஷெல் வில்லியம்ஸ், அவங்களுக்கு அப்புறம் எம்மா ஸ்டோன். நான் ஒத்துக்க மாட்டேன். சாலி சுமாரான பாடகி. பெரிய கிளப்ல இவளுக்கு வேலை கிடைக்காது, அவளோட சோகமே அதுலதான் இருக்கு. 1972 படத்துல லைசா மினெல்லி பிரமாதமா பாடினதுல எனக்கு ஒரே சந்தேகம், இவ்வளவு நல்லா பாடுறவ எதுக்கு இந்தப் பொந்துல இருக்கான்னு. ஹாத்தவேயும் அதேதான் பண்ணுவாங்க. நல்லா பாடிடுவாங்க.

அப்போ எது? என் கனவுல முதல் வேஷம் 'மை ஃபேர் லேடி' எலைசா டூலிட்டில். பூ விக்கிற பொண்ணு, ஒரு திமிர் பிடிச்ச பேராசிரியர் அவளுக்கு உச்சரிப்பு சொல்லிக்குடுத்து சீமாட்டி ஆக்குறார். யோசிச்சுப் பாருங்க, ஹாத்தவே சினிமாவில் திரும்பத் திரும்பப் பண்ணினது இதைத்தானே? 'பிரின்சஸ் டயரீஸ்'ல (2001) கண்ணாடியும் பரட்டை முடியுமா வந்து இளவரசி ஆவாங்க. 'பிராடா'வில் தொளதொள ஸ்வெட்டர்ல வந்து பாரிஸ் வரைக்கும் போவாங்க. இன்னொரு பொருத்தமும் இருக்கு. 'பிரின்சஸ் டயரீஸ்'ல இவங்களுக்குப் பாட்டியா வந்து நடக்கவும் உக்காரவும் சொல்லிக்குடுக்கிறது யாரு? ஜூலி ஆண்ட்ரூஸ். 1956-ல் பிராட்வேயில முதன்முதலா எலைசாவா நடிச்சவங்க!

அந்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு 1964-ல் படம் எடுத்தப்போ அந்த வேஷம் கிடைக்கலை. மார்க்கெட் உள்ள முகம் வேணும்னு ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டாங்க. ஹெப்பர்ன் பயிற்சி எடுத்து, தானே பாடிப் பதிவும் பண்ணினாங்க. கடைசியில பெரும்பாலான பாட்டுக்கு மார்னி நிக்ஸன் குரலைத்தான் வெச்சாங்க. இந்த மார்னி நிக்ஸன் பத்தி நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபரா கெர்ருக்கு, 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கு, எல்லாத்துக்கும் குரல் இவங்கதான். திரையில பேர் வராது. நம்ம ஊர்ல பின்னணி பாடறவங்க பேர் கேசட் அட்டையிலயே இருக்கும், நடிகை பாடலைன்னு குழந்தைக்கும் தெரியும். அங்கே மூடி மறைச்சாங்க.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துதுன்னா, ஒரு கல்லூரி விழாவில் எனக்கே இது நடந்தது. எந்த விழா, யார் ஏற்பாடுங்கிறதெல்லாம் வேண்டாம். செலக்ஷன்ல என் பாட்டுதான் தேறுச்சு. மறுநாள் கூப்பிட்டு, "வாய்ஸ் சூப்பர்மா, ஆனா ஸ்டேஜ் பிரசன்ஸ் வேணும் பாரு"ன்னாங்க. மேடையில வேற ஒரு பொண்ணு பட்டுப்புடவையில நின்னு வாயசைக்க, நான் சைடுல திரைக்குப் பின்னாடி மைக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பாடினேன். அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பாவம், என்னைவிட அவதான் நடுங்கிக்கிட்டிருந்தா. கைதட்டல் நல்லாவே வந்தது. திரையோட பின்பக்கம் எப்படியிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? முன்னாடி ஜரிகை, பின்னாடி கிழிஞ்ச கோணி. அம்மா வீடியோவைப் பார்த்துட்டு, "இதுல நீ எங்கடி இருக்கே?"ன்னாங்க.

சரி விடுங்க, நிக்ஸன் கதைக்கு வருவோம். படம் வந்த அதே 1964-ல், நியூயார்க் சிட்டி சென்டர்ல 'மை ஃபேர் லேடி' நாடகத்தைத் திரும்பப் போட்டாங்க. எலைசா யார் தெரியுமா? மார்னி நிக்ஸன். தன் முகத்தோட, தன் குரல்ல. இதைப் படிச்ச அன்னிக்கு நான் ரூம்ல கத்தினதுல பக்கத்து ரூம்காரங்க கதவைத் தட்டினாங்க. இன்னொண்ணும் கவனிங்க, ஹாத்தவே 2002-ல் லில்லியா பாடினது அதே சிட்டி சென்டர்லதான்.

ஆனா எலைசா வேஷத்துக்கு நேரம் போயிடுச்சு. ஹாத்தவே பிறந்தது 1982. 'பிராடா' முடிஞ்ச கையோட யாராவது கூப்பிட்டிருக்கணும். அதே மாதிரி போனது இன்னொண்ணு, 'சண்டே இன் தி பார்க் வித் ஜார்ஜ்'. ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் இசை. ஜார்ஜ் சூராங்கிற ஓவியர் புள்ளி புள்ளியா ஒரு படம் வரையறார், அவரோட காதலி டாட் வெயில்ல அசையாம நின்னு அலுத்துப்போறா. 2017-ல் பிராட்வேயில ஜார்ஜா நடிச்சது ஜேக் ஜில்லென்ஹால். 'புரோக்பேக் மவுன்டன்'லயும் (2005), 'லவ் அண்ட் அதர் டிரக்ஸ்'லயும் (2010) ஹாத்தவேயோட ஜோடி! டாட் வேஷத்துல அனலீ ஆஷ்ஃபோர்ட் அருமையா பாடியிருக்காங்க, குறையே இல்லை. இருந்தாலும் அந்த ரெக்கார்டிங் கேக்கும்போதெல்லாம் எனக்குக் காதுல வேற ஒரு குரல் கேக்குது.

இப்போ இருக்கிற வயசுக்கு 'எ லிட்டில் நைட் மியூசிக்' (1973) டெசிரேன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. ஊர் ஊரா போய் நடிச்சுக் களைச்சுப்போன நடிகை. அதுல வர்ற புகழ்பெற்ற பாட்டை சோண்ட்ஹைம் முதல் டெசிரே கிளினிஸ் ஜான்ஸுக்காகவே எழுதினார். அவங்களுக்கு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க மூச்சு பத்தாது, அதனால வரியெல்லாம் குட்டிக் குட்டியா இருக்கும். சட்டை தைக்கிற மாதிரி ஆளை அளந்து தைச்ச பாட்டு. ஹாத்தவேக்கு மூச்சு நிறைய இருக்கு, சட்டை பிடிக்கும், ஆனா பிடிச்சாப்ல இருக்காது.

என் ஓட்டு 'தி லைட் இன் தி பியாட்ஸா' (2005) மார்கரெட்டுக்கு. ஆடம் கெட்டல் இசை. 1953, ஃபிளாரன்ஸ் நகரம். அமெரிக்காவிலிருந்து அம்மாவும் பொண்ணும் சுற்றுலா வர்றாங்க. பொண்ணுக்கு ஒரு இத்தாலிக்காரப் பையனோட காதல். சின்ன வயசுல குட்டைக்குதிரை உதைச்சதுல அவ மனசு வளராமலே நின்னுடுச்சுன்னு அம்மாவுக்குத் தெரியும். பையன் வீட்டில் சொல்றதா, மறைக்கிறதா? நாடகம் முழுக்க அம்மாதான் நம்மளைப் பார்த்து நடுநடுவே பேசுறாங்க. சிரிச்சுச் சமாளிக்கிறாங்க, எல்லாத்தையும் சரியா பண்ணணும்னு துடிக்கிறாங்க. ரொம்ப முயற்சி பண்றாங்க. புரியுதா? 2013-ல் திட்டினாங்களே, அதே குணம். கடைசியில பொண்ணு கல்யாணத்துக்குப் போகும்போது மேடையில அம்மா தனியா நின்னு பாடணும். தன் கல்யாணத்துல இல்லாத காதலைப் பொண்ணுக்கு நம்பிக் குடுக்கிற பாட்டு.

முதல் மார்கரெட் விக்டோரியா கிளார்க் அதுக்கு டோனி வாங்கினாங்க. அவங்க ரெக்கார்டிங் கேட்டுத்தான் எனக்கு இந்த நாடகமே தெரியும். போன வாரம் அம்மா ஊர்லேருந்து வந்தப்போ ஒரு பக்க இயர்போனை அவங்க காதுல வெச்சேன். இங்கிலீஷ் பாட்டுன்னதும் முதல்ல முகத்தைச் சுளிச்சாங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டு, "இதுல பாடறவளும் நடிக்கிறவளும் ஒரே ஆளா?"ன்னாங்க. ஆமாம்மான்னேன். "அப்போ சரி, திருப்பிப் போடு."