2048 பைட்டுக்குள் ஒரு கிணறு

போன் வாங்கப் போனால் முதலில் கேட்கிறது "எத்தனை ஜிபி?" என்றுதான். கடைக்காரர் சொல்வார், பெட்டியில் போட்டிருக்கும், செட்டிங்ஸுக்குள் போனாலும் காட்டும். விரலளவு ஆர்டுயினோ நானோ போர்டில் இது ஒன்றும் இல்லை. திரை இல்லை, மெனு இல்லை, பெட்டி என்று வருவதே ஒரு பிளாஸ்டிக் உறைதான். அப்ப அதுக்குள்ள எவ்வளவு நினைவகம் இருக்கு என்று எப்படிப் பார்க்கிறது? அதுக்கு முதல், கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் படிப்பது புவியியல். ஆய்வுக்கு எடுத்திருப்பது திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக் கிணறு. கோடையில் இறங்கும், வடகீழ்ப் பருவமழைக்கு ஏறும். எவ்வளவு வேகமாக என்று தெரிய, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா அளக்க வேண்டும். நான் இருப்பது வந்தாறுமூலையில். வீட்டில் இருப்பது அம்மம்மா. கிணத்தடியில் நாள் முழுக்க நிற்க அவவுக்கு ஏலாது. ஆகவே ஒரு அல்ட்ராசோனிக் சென்சர், ஒரு நானோ, இரண்டு வரி எல்சிடி. அம்மம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தா: "தமிழில காட்டோணும். இல்லாட்டி அது ஓடுதா நிண்டிட்டுதா எண்டு எனக்கென்னெண்டு தெரியும்?"

இப்ப போர்டுக்கு வருவோம். நானோ என்ற பெயரில் இரண்டு விதமான சிப்போடு விற்கிறார்கள்: ஏடிமெகா 328, ஏடிமெகா 168. பார்வைக்கு இரண்டும் ஒன்று. நீல நிறம், அதே துளைகள், அதே விளக்கு. ஆனால் 328இல் நிரல் வைக்கிற பிளாஷ் 32 கிலோபைட், ஓடும்போது பயன்படுகிற ரேம் 2 கிலோபைட், கரண்ட் போனாலும் அழியாத ஈஈப்ரொம் 1 கிலோபைட். 168இல் எல்லாமே அதில் பாதி. பெயரின் முன்பக்க இலக்கமே பிளாஷின் அளவுதான், 32, 16 என்று. போர்டைச் சரித்துப் பிடித்து, போன் கமராவில் பெரிதாக்கினால் சிப்பின் முதுகில் எழுதியிருப்பதை வாசிக்கலாம்.

ஆர்டுயினோ மென்பொருளும் ஒரு அளவு காட்டும். நிரலைத் தொகுத்ததும் இவ்வளவு பைட் முடிந்தது, உச்சம் 30720 என்று கீழே வரும். 32 கிலோபைட் என்றால் 32768 அல்லவா, மிச்ச 2048 பூட்லோடருக்கு ஒதுக்கியது. வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த "உச்சம்" போர்டைக் கேட்டு எடுத்தது இல்லை. நாங்கள் மெனுவில் எந்த போர்டைத் தெரிவு செய்தோமோ அதற்கு ஏற்கனவே எழுதிவைத்த இலக்கம். போர்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தொகுத்தாலும் அதே 30720 வரும். விண்ணப்பப் படிவத்தில் நாங்கள் நிரப்பியதை வாசித்துக் காட்டிவிட்டு "சரிபார்த்தாச்சு" என்கிற கந்தோர் மாதிரி.

உண்மையில் சிப்பிடம் கேட்கிற வழி வேறு. ஏவிஆர்டியூட் என்ற கருவி சிப்பின் கையொப்பத்தைக் கேட்டு வாங்கும். மூன்றே பைட். அதில் நடுப் பைட் 95 என்று வந்தால் 32 கிலோபைட், 94 என்றால் 16. தெரிவு செய்த போர்டோடு பொருந்தாவிட்டால் நிரலை ஏற்றும்போதே முறைப்பாடு வரும். என்னுடையதில் 95 வந்தது.

அதோடு முடியவில்லை. எவ்வளவு இருக்கு என்பது ஒன்று, எவ்வளவு மிஞ்சியிருக்கு என்பது வேறொன்று. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ரேமில் மாறிகள் கீழிருந்து மேலே வளரும். அடுக்கு மேலிருந்து கீழே இறங்கும். நடுவில் உள்ள இடைவெளிதான் உண்மையான மிச்சம், அது ஓடும்போது கூடிக் குறையும். பிரயோக விஞ்ஞானம் படிக்கிற நண்பன் நாலைந்து வரி நிரல் ஒன்று தந்தான். அந்த இரண்டு முனையின் முகவரியையும் எடுத்துக் கழித்து விடையை அனுப்பும். "தொகுத்த உடன வாற இலக்கத்த நம்பாத, ஓடேக்க பார்" என்றான். இரண்டும் முட்டினால் என்ன நடக்கும் என்று கேட்டேன். பிழைச் செய்தி ஒன்றும் வராதாம். திடீரென்று திரும்பத் தொடங்கும், அல்லது பைத்தியக்கார அளவுகளைக் காட்டிக்கொண்டு ஒன்றும் நடவாத மாதிரி ஓடும். எனக்கு இரண்டாவதுதான் பயம். ஆய்வுக்கு வெற்றிடத்தை விடப் பொய்த் தரவு மோசம்.

(அப்பல்லோ விண்கலத்தின் கணினியில் அழித்தெழுதக்கூடிய நினைவகமும் 2048தான். ஆனால் அது சொற்கணக்கு, ஒரு சொல் கிட்டத்தட்ட இரண்டு பைட். என்றாலும் என்னிடம் இருப்பதில் இரண்டு மடங்கோடுதான் 1969இல் சந்திரனில் இறங்கியிருக்கிறார்கள்.)

அளவுகளைச் சேமிக்க ஈஈப்ரொம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாடு இது, ரேமை நம்பி ஒன்றையும் வைக்க ஏலாது. எஸ்டி கார்டு போடலாம்தான். அதன் லைப்ரரி ரேமில் 512 பைட்டைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும், அது கால் பங்கு. ஒரு பைட்டில் 0 தொடக்கம் 255 வரை எழுதலாம். எங்கள் கிணற்றில் விளிம்பிலிருந்து நீர் வரை எந்தக் கோடையிலும் 255 சென்ரிமீற்றரைத் தாண்டாது. ஒரு அளவுக்கு ஒரு பைட், நாளைக்கு 48, மொத்தம் 1024. இருபத்தொரு நாள் ஓடும். அதாவது மூன்று கிழமைக்கு ஒருக்கா நான் மட்டக்களப்புப் பக்கமிருந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போயே ஆகவேண்டும். அம்மம்மாவுக்கு இந்தக் கணக்கு நல்லாப் பிடித்துவிட்டது.

இனித் தமிழ். "நீர்மட்டம் உயர்கிறது" என்பதை யூனிகோடில் எழுதினால் 58 பைட். அதையே ஆங்கிலத்தில் "வாட்டர் லெவல் ரைசிங்" என்று எழுதினால் 18. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், எங்களுடைய ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. "தி" என்று ஒரு எழுத்துப் போட்டால் தகரமும் விசிறியும் தனித்தனி, ஆறு பைட். திருகோணமலைக்கு முப்பது. இந்த மாதிரி முப்பது வசனம் வைத்தால் ரேம் கிட்டத்தட்ட முடிந்துவிடும். வசனங்களை பிளாஷிலேயே விட்டுவைக்க ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்யலாம். ஆனாலும் "தமிழ் இடம் பிடிக்கும், இங்கிலீசில போடு" என்று நண்பன் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. தமிழ் கொழுத்த மொழி இல்லை. வரிசையில் ஆங்கிலத்தை முன்னுக்கு விட்டுவிட்டு எங்களுக்குப் பின்னுக்கு இடம் தந்தார்கள், அவ்வளவுதான். பாமினி எழுத்துருவில் தட்டின காலத்தில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட்தான். சிங்களத்துக்கும் இப்ப மூன்று பைட். இந்த ஒரு விசயத்திலாவது இரண்டு மொழிக்கும் சம அந்தஸ்து.

எங்கள் எல்சிடிக்கு யூனிகோடே தெரியாது என்பது அடுத்த சிக்கல். ஆங்கில எழுத்தும் இலக்கமும் உள்ளே இருக்கின்றன. சொந்தமாக வரைய எட்டு இடம் மட்டும், ஒவ்வொன்றும் 5க்கு 8 புள்ளி. 247 எழுத்துள்ள மொழிக்கு எட்டு! அளவை இலக்கத்தில் காட்டலாம், பிரச்சினையில்லை. சொல்லுக்கு என்ன செய்வது? அம்மம்மாவிடம் கேட்டேன், கிணற்றைப் பார்த்துவிட்டு வந்து நீங்கள் என்னென்ன சொல்வீர்கள் என்று. "வற்றுது, கூடுது, சரி. வேற என்னத்தச் சொல்லுறது?"

எண்ணிப் பார்த்தேன். வ, ற், று, து. கூ, டு. ச, ரி. சரியாக எட்டு.

எட்டு வடிவமும் சேர்ந்து 64 பைட். மூன்று சொல்லுக்கும் ஒன்பது பைட். ரேமில் மிச்சம் தாராளம். நண்பனுக்கு அனுப்பினேன், கைதட்டுகிற ஸ்டிக்கர் ஒன்று வந்தது.

"கூ" மட்டும் இன்னும் சரிவரவில்லை. ஐந்து புள்ளி அகலத்துக்குள் அந்த வாலை எங்கே கொண்டுபோய் வைக்கிறது? மூன்று விதமாக வரைந்து, படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அம்மம்மா இரண்டாவதைத் தெரிவு செய்திருக்கிறா.