தகர வாளிக் கூழ்

ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊத்துற வேலை இந்த வாரம் தொடங்குது. அதுக்கு முன்னாடி, பல வருசமா வெளியில சொல்லாத என் தப்பு ஒன்னைச் சொல்லிடுறேன்.

அப்போ நம்மளது தோட்டத்துச் சின்னக் கோயில். இருந்தது ஒரே அண்டா. அந்த வருசம் கூட்டம் அதிகம். கடையில ரெண்டு தகர வாளி வாங்கிட்டு வந்து, மூனு கல் வெச்சு, விறகு மூட்டி, அதுலேயே கூழ் காய்ச்சினேன். ஆறினதும் தயிரைக் கரைச்சு ஊத்தி, மதியம் வரைக்கும் அதுலேயே வெச்சிருந்தோம். புது வாளி, நல்லா கழுவியாச்சு, என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன்.

குடிச்ச கொஞ்ச நேரத்துல நாலைஞ்சு பேருக்கு வயித்து வலி, வாந்தி. அதுல ஒரு சின்னப் பிள்ளை. கிளினிக்ல டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எதுல காய்ச்சினீங்க?" அந்த வாளியோட பளபளப்பு துத்தநாகப் பூச்சாம். தயிர், புளி, எலுமிச்சைன்னு புளிப்பு எது பட்டாலும் பூச்சு கரைஞ்சு சாப்பாட்டுல இறங்கிடுமாம். மறுநாள் எல்லாரும் தேறிட்டாங்க. ஆனா அந்தப் பிள்ளையோட அம்மா, "அம்மன் பிரசாதம்னு நம்பித்தானே குடுத்தேன்"னு அழுதது இன்னும் என் காதுல இருக்கு.

பாட்டிகிட்ட சொன்னேன். "ஏண்டா, நாங்க இல்லாதப்பட்டவங்கதான். மண்ணெண்ணெய் டின்ல குளிக்க வெந்நீர் வெப்போம். ரப்பர் பால் வாளியில ஒரு நாளும் சோறு பொங்கினதில்ல. சோத்துக்கு மண்சட்டிதான்"னாங்க.

கிடைச்சதை வெச்சு சமைக்கிறது தப்பில்ல. மலாய்க்காரங்க லெமாங் செய்றதைப் பாருங்க. மூங்கிலுக்குள்ள வாழையிலையைச் சுருட்டி வெச்சு, புலுட் அரிசியும் தேங்காய்ப்பாலும் ஊத்தி, நெருப்புப் பக்கத்துல சாய்ச்சு வெக்கிறாங்க. மூங்கிலும் இலையும் சோத்தைக் கெடுக்காதுன்னு அவங்களுக்குத் தலைமுறையா தெரியும்.

போன வாரம் நம்ம இளைஞர்கள் ஒரு பெரிய இரும்பு ட்ரம்மைக் கொண்டு வந்தாங்க. வெட்டி அண்டாவாக்கிடலாம்னு ஆசை. "தம்பி, இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"ன்னு கேட்டேன். யாருக்கும் தெரியல. திருப்பி அனுப்பிட்டோம். அவங்க ஆர்வத்தைக் குறை சொல்லல. அன்னைக்கு என்கிட்ட இப்படிக் கேக்க யாரும் இல்ல, அவ்வளவுதான்.

அதனால ஒரு வேண்டுகோள். வீட்டுல சும்மா கிடக்கிற பெரிய எவர்சில்வர் அண்டா இருந்தா, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மடப்பள்ளியில குடுங்க. அடியில உங்க பேரை எழுதி ஒட்டிடுங்க. கழுவித் துடைச்சுத் திருப்பித் தர்றது என் பொறுப்பு.

தாயே மாரியம்மா, எல்லாரையும் காப்பாத்து.