'குட் கண்டிஷன்' என்றால் என்ன கண்டிஷன்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கைக்கடிகாரம் வாங்குகிறவருக்கு விவரக்குறிப்பு எதுவும் தேவையில்லை. விரிப்பில் கொட்டிக் கிடப்பதில் ஒன்றை எடுப்பார், சாவி கொடுப்பார், காதில் வைத்துக் கேட்பார், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பார். படியாவிட்டால் அடுத்த விரிப்புக்குப் போய்விடுவார். அதே கடிகாரத்தை நான் வாங்கிவந்து, சர்வீஸ் பார்த்து, மேற்கு தாம்பரத்தில் உட்கார்ந்தபடி இணைய ஏலத்தில் வைக்கும்போது, வாங்கப்போகிறவர் நாகர்கோவிலிலோ நாசிக்கிலோ இருக்கிறார். அவர் காதும் விரலும் செய்ய வேண்டிய வேலையை நான் எழுதும் பத்து வரி செய்தாக வேண்டும்.

எல்லாரும் எழுதுவது 'குட் கண்டிஷன், ஒர்க்கிங், ரேர் பீஸ்'. உலுக்கினால் பத்து நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரமும் ஒர்க்கிங்தான். முழுச் சாவிக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று எழுதினால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் வரும். அதை எழுத வேண்டுமானால் கடிகாரத்தைப் படுக்கவைத்து ஒரு நாள், சாவி கொடுக்கும் திருகான கிரவுன் கீழே இருக்கும்படி நிறுத்தி ஒரு நாள் பார்க்க வேண்டும். விவரம் எழுதுவதில் எழுத்து வேலை கொஞ்சம். மீதியெல்லாம் இப்படிப் பார்க்கிற வேலைதான்.

என் கைக்கு அதிகம் வருவது எச்.எம்.டி. 1953-ல் தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று இந்தப் பக்கம் கட்டாத மணிக்கட்டு இல்லை. 2016-ல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. மூடப்போகிறார்கள் என்றதுமே அலமாரியில் கிடந்ததற்கெல்லாம் மதிப்பு வந்துவிட்டது. கூடவே மறுபெயிண்ட் டயல்களும் பெருகின. பழைய டயலைச் சுரண்டி, ஆரஞ்சிலும் பச்சையிலும் பளபளவென்று பூசி, மேலே எச்.எம்.டி. என்று அச்சடித்து விற்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. சேகரிப்பாளர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க லென்ஸைக் கண்ணில் மாட்டி ஐந்து நிமிடம் டயலைப் பார்த்தால் போதும். கம்பெனி டயலில் எழுத்தின் தடிமன் ஒரே சீராக இருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வந்து நிற்கும். ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் ஒரு எண் வரிசை ஓடும். பூசிய டயலில் எழுத்து வீங்கியிருக்கும், கோடு தள்ளி நிற்கும், அந்தப் பொடி எண் காணாமல் போயிருக்கும் அல்லது வாசிக்க முடியாமல் கலங்கியிருக்கும். மறுபெயிண்ட் டயலை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆரஞ்சு டயல்தான் வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 'டயல் மறுபெயிண்ட்' என்பது முதல் வரியில் இருக்க வேண்டும். கடைசி வரியில் போட்டால் அது மறைத்த கணக்குதான்.

எழுதும் முறைக்கு எனக்கு முன்மாதிரி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர்கள். விற்கிற மனை அழகானது, காற்றோட்டமானது என்று அவர்கள் ஒருநாளும் எழுதுவதில்லை. சர்வே எண் போட்டு, இதற்கு வடக்கே இன்னது, தெற்கே இன்னது என்று செக்குபந்தி எழுதுவார்கள். வேறெந்த மனையாகவும் அது இருக்க முடியாது என்ற நிலை வந்ததும் பேனாவை வைத்துவிடுவார்கள். ஒரு ஜனதாவுக்கு நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'எச்.எம்.டி. ஜனதா. சாவி கொடுப்பது, 17 கல். டயல் கம்பெனியுடையது; 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே 1 மி.மீ. பழுப்புப் புள்ளி. கண்ணாடியும் கிரவுனும் மாற்றியவை, கம்பெனியுடையவை அல்ல. கேஸ் குறுக்களவு கிரவுன் நீங்கலாக 35 மி.மீ.; பட்டை மாட்டும் இடம் 18 மி.மீ. பின்மூடியில் பழைய சொந்தக்காரரின் இனிஷியல் கீறியிருக்கிறது, அழிக்கவில்லை. முழுச் சாவிக்கு 36 மணி நேரம் ஓடுகிறது. நாளுக்கு 40 விநாடி முந்துகிறது. தண்ணீர் படக் கூடாது. பட்டை புதிது, சாதாரண ரகம்.'

குறையை எல்லாம் இப்படிக் கொட்டினால் விலை போகுமா என்று கேட்பார்கள். ஏலம் கேட்கிறவர், எழுதாத ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் கேட்கிறார். டயலைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அது பூசியதுதான் என்று வைத்துக்கொள்வார். பழுப்புப் புள்ளிக்கு ஐம்பது ரூபாய் கழிப்பவர், என் மௌனத்துக்கு ஐந்நூறு கழிப்பார். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் எழுதினார்: நல்லதையும் சொத்தையையும் பிரித்தறிய முடியாத இடத்தில் வாங்குகிறவர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறைத்தே விலை சொல்வார், நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈபே தொடங்கிய கதையும் இதற்கு ஒத்துப்போகிறது. 1995-ல் பியர் ஒமிட்யார் தன் புதுத் தளத்தில் உடைந்த லேசர் பாயிண்டர் ஒன்றை ஏலத்துக்கு வைத்தார், 14.83 டாலருக்குப் போனது. இது உடைந்தது என்று தெரியும்தானே என்று அவரே கேட்டதற்கு, உடைந்ததைத்தான் சேர்க்கிறேன் என்றாராம் வாங்கியவர். என்னிடமும் 'ஓடாது, பாகங்களுக்கு மட்டும்' என்று போட்டால் வாட்ச் ரிப்பேர்காரர்கள் உடனே வந்துவிடுகிறார்கள்.

கதைகளில்தான் கை அடக்கம் வேண்டும். தாம்பரத்தில் விமானப்படை நிலையம் இருப்பதால், சேலையூர்ப் பக்கத்து வீட்டிலிருந்து கறுப்பு டயல் பைலட் ஒன்று வந்தால் 'போர் விமானி கட்டியது' என்று எழுதக் கை துறுதுறுக்கும். வீட்டார் சொன்னார்கள் என்றால், 'வீட்டார் சொன்னது, ஆவணம் இல்லை' என்று எழுதுவேன். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. சொல்லியே ஆக வேண்டிய கதையும் ஒன்று உண்டு. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கிருந்து வரும் கடிகாரங்களில் சில அதில் மூழ்கியவை. மேலே துடைத்துவிடலாம், உள்ளே வைண்டிங் ஸ்டெம்மில் துரு இருக்கும். 'தண்ணீரில் நனைந்தது' என்று எழுதி, பின்மூடியைக் கழற்றி மிஷினைப் படம் எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

ஏலம் நடக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2000-ல் வந்த பாஸி.காம் என்ற இந்திய ஏலத் தளத்தை 2004-ல் ஈபே வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இப்போது பேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் படம், தொடக்க விலை, இரவு 9 மணிக்கு முடிவு என்று ஏலம் ஓடுகிறது. போனில் முதல் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும். மீதி 'மேலும்' என்பதைத் தொட்டால்தான் திறக்கும். அதனால் மாடல், டயல், ஓடுமா ஓடாதா ஆகிய மூன்றும் மேலேயே வந்துவிட வேண்டும். தலைப்பில் 'அபூர்வம்' என்று போடுவது இடத்துக்குப் பிடித்த கேடு. அந்தச் சொல்லைப் போட்டு யாரும் தேடுவதில்லை.

இன்பாக்ஸில் ஒருவர் தனியாகக் கேட்கும் கேள்விக்கு அவருக்கு மட்டும் பதில் சொல்வதில்லை, விவரத்திலேயே சேர்த்துவிடுகிறேன். பத்துப் பேர் கேட்கத் தயங்கியதைத்தான் அவர் கேட்டிருப்பார். பட்டை கூட வருமா, ஸ்பீடு போஸ்ட் செலவு யாருடையது என்ற வரிகளெல்லாம் அப்படிச் சேர்ந்தவைதான். ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே 'சார், லாஸ்ட் பிரைஸ் என்ன?' என்று கேட்கிறவருக்குத்தான் எந்த இடத்தில் என்ன வரி சேர்ப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.