‘எனக்குக் கைராசி இல்லை’ என்பவரா நீங்கள்? முதலில் மண்ணைப் பாருங்க! - ஒரகடம் வீட்டுத் தோட்டங்களின் மஞ்சள் இலை ரகசியம்

சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அங்கே நின்றால், கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் படும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை வந்தது. வேலை தேடி வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் வாடகைக்குக் குடியேற, வயல்களாக இருந்த இடங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன.

மெயின் ரோட்டை விட்டு உள்தெருவுக்குள் நுழைந்தால் காட்சி மாறுகிறது. வாசலில் துளசி, பால்கனியில் கறிவேப்பிலை, காம்பவுண்டு ஓரம் இட்லிப்பூ, செம்பருத்தி, மல்லிகை. சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த நாலு தொட்டிதான் ஊர் ஞாபகம். ஆனால், நர்சரியில் பச்சைப் பசேலென்று இருந்த செடி, வீட்டுக்கு வந்து சில மாதங்களில் வெளிறிப்போவது பலர் வீட்டில் நடக்கிறது. உரம் போட்டும் தேறவில்லை என்றால், ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.

உண்மையில் கோளாறு கையில் இல்லை. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?

ஸ்ரீபெரும்புதூர் சுண்ணாம்புப் பாறை ஊர் அல்ல. இங்குள்ள களிப்பாறை அடுக்குகளை ‘ஸ்ரீபெரும்புதூர் படிவம்’ என்றே புவியியலாளர்கள் அழைக்கிறார்கள். 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தாவரங்களின் இலைத் தடங்கள் அதில் பதிந்திருக்கின்றன. மேலே செம்மண்ணும் களிமண்ணும் கலந்த நிலம்.

வீட்டைச் சுற்றிச் சுண்ணாம்பைக் கொண்டுவந்தது நாம்தான். பள்ளமான மனையை மேடாக்க இடித்த கட்டடக் கழிவைக் கொட்டுகிறார்கள். சிமென்ட் கலவை, பூச்சு, செங்கல் தூள் எல்லாம் அதில் இருக்கும். அவற்றிலுள்ள சுண்ணாம்பு கரைந்து மண்ணைக் காரமாக்குகிறது. புது சிமென்ட் தொட்டியும் அப்படித்தான்.

அடுத்தது போர் தண்ணீர். பக்கெட்டின் உட்புறமும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பு தினமும் தொட்டி மண்ணிலும் சேர்கிறது.

பீரோவுக்குள் பூட்டிய இரும்பு

மண்ணின் தன்மையை பி.ஹெச் அளவால் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். 7 என்பது 8 ஆனால், காரத்தன்மை 10 மடங்கு கூடியதாக அர்த்தம். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் தண்ணீரில் கரையாது. வேரால் எடுக்க முடியாது. பீரோவில் நகை இருந்தும் சாவி தொலைந்துபோன கதைதான்.

அடையாளம் எளிது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இட்லிப்பூ, செம்பருத்தி, மல்லிகை, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவை சுண்ணாம்பு மண்ணில் சீக்கிரம் வாடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு ஸ்பூன் காய்ந்த மண்ணில் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. துல்லியமான அளவு வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தை நாடலாம். கட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனையும் கேட்கலாம்.

என்ன செய்யலாம்?

* 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, மாலையில் இலைகளில் தெளிக்கலாம். புதுத் துளிர் பச்சையாக வரும். இது தற்காலிக நிவாரணம்தான். மாதம் ஒருமுறை தொடர வேண்டியிருக்கும். டைல்ஸில் பட்டால் துருக்கறை பிடிக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

* மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இருக்காது, பூச்செடிகளுக்கு ஊற்றலாம். ஆர்.ஓ மெஷின் வெளியேற்றும் கழிவு நீர் மட்டும் வேண்டாம். அதில் உப்பு கூடுதல்.

* முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் இரண்டும் காரத்தைக் கூட்டுபவை. இந்த மண்ணுக்குத் தேவையில்லை.

* களர் நிலத்துக்குப் போடும் ஜிப்சம், சுண்ணாம்பு மண்ணின் காரத்தைக் குறைக்காது.

* கறிவேப்பிலைக்குப் பாட்டி ஊற்றும் புளித்த மோரில் அமிலம் உண்டு. ஆனால், ஒரு டம்ளர் மோர் தரையை மாற்றிவிடாது. கழிவு கொட்டிய மனையில், நல்ல செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்பிய தொட்டியே சிறந்த வழி. சிமென்ட் தொட்டி என்றால், தண்ணீர் நிரப்பிச் சில நாள்கள் ஊறவைத்து, மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம்

இங்கிலாந்தின் வொர்திங் நகரில் ஹைடவுன் என்றொரு தோட்டம் இருக்கிறது. சர் ஃபிரெடெரிக் ஸ்டெர்ன் 1909-ல் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழியில் அதைத் தொடங்கினார். அந்த மண்ணுக்குப் பிடித்த செடி எது என்று பல ஆண்டுகள் நட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அந்த அனுபவத்தை 1960-ல் புத்தகமாகவும் எழுதினார். இன்று அது மக்கள் வந்து பார்க்கும் பொதுத் தோட்டம்.

நம் ஊருக்கும் அதே வழிதான். தரையில் நட முருங்கை, வேம்பு, மாதுளை, அரளி, இலந்தை, கொடுக்காப்புளி எல்லாம் காரத்தைத் தாங்கும். இட்லிப்பூவையும் மல்லிகையையும் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு. வீடு மாறும்போது செடியும் கூடவே வண்டி ஏறிவிடும்.

கவிழ்த்து வைத்த தொட்டியைத் திரும்ப நிமிர்த்துங்கள். உங்கள் கைராசிக்கு ஒரு குறையும் இல்லை!