எது முந்தியது?

பெரிய காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்யும் நெசவாளர் தறியில் அமர்ந்திருக்கிறார். மறுபுறக் கரைக்குத் துணையாள் ஒருவர். இரு கரைகளுக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. இருவரும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஒருவர் நாடாவை வீசிய பின்னரே மற்றவர் கை அசைகிறது. அம்முறை பிறழ்ந்தால் கரையும் உடலும் இணையா.

பல நாள் உழைப்பில் உருவாகும் அச்சேலை இன்று இணையவழியிலும் விற்பனையாகிறது. ஒரே சேலை எஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து ஒருவரும் சிங்கப்பூரிலிருந்து ஒருவரும் ஒரே கணத்தில் அதனைக் கேட்கின்றனர். வெவ்வேறு ஊர்களிலுள்ள இரு கணினிகள் அவற்றைப் பதிந்து, தத்தம் கடிகாரப்படி நேரமுத்திரை இடுகின்றன. இரண்டிலும் ஒரே மில்லிநொடி! சேலை யாருக்கு உரியது?

மில்லிநொடி என்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி 300 கிலோமீட்டர் சென்றுவிடும். கணினியோ பல்லாயிரம் செயல்களை முடித்துவிடும். எனவே, அதனினும் ஆயிரம் மடங்கு நுண்ணிய மைக்ரோநொடியில் குறித்தால் போதும் எனத் தோன்றலாம். ஆனால், ஒரு கடிகாரம் மற்றொன்றைவிடச் சில மில்லிநொடிகள் முந்தி ஓடினால், பிந்தி வந்தவரே முந்தியவராகப் பதிவாவார். பிழையான கடிகாரத்தில் கோடுகளை நெருக்கி வரைவதால் பிழை நீங்குவதில்லை. 'பிந்திய முத்திரையே நிலைக்கும்' என்னும் விதியுள்ள தரவுத்தளத்தில், ஒருவரது பதிவு சுவடின்றி அழிந்தும் போகும்.

காஞ்சியில் கதிரவன் உச்சிக்கு வருவது, சராசரியாக, இந்தியப் பொதுநேர நண்பகலுக்கு ஏறத்தாழ 11 நிமிடங்கள் கழித்தே. ஊர்தோறும் வேறுபட்ட நண்பகலை விடுத்து, 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரம் 1906ஆம் ஆண்டு பொதுநேரமாக ஏற்கப்பட்டது. அங்கே சிக்கலைத் தீர்த்தது கடிகாரத்தின் நுண்மையன்று, மக்களின் உடன்பாடு.

கணினியுலகமும் அவ்வுடன்பாட்டையே நாடியது. செய்தி அனுப்பப்பட்ட பின்னரே பெறப்படும். அவ்வரிசையைக் கொண்டே நிகழ்வுகளை எண்ணலாம் என்று லெஸ்லி லாம்போர்ட் 1978இல் காட்டினார். 2012இல் கூகுள் விளக்கிய 'ஸ்பேனர்' தரவுத்தளம், அணுக்கடிகாரங்களைக் கொண்டிருந்தும், தன் நேரத்தில் எவ்வளவு ஐயம் உண்டு என்பதையும் கணக்கிட்டது. அவ்வையம் தீரும்வரை காத்திருந்தே பதிவை உறுதிசெய்தது.

விரைவாகக் குறிப்பது எளிது. முறையாகக் குறிப்பதே கடன். முந்தி வந்தவருக்கு உரியது அவரையே சேர வேண்டுமெனில், கணினிகளும் ஒன்றன் அசைவை மற்றொன்று அறிந்து இயங்க வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தறியில் இரு இணைக் கைகள் நாள்தோறும் அதனையே செய்கின்றன.