பழுவூர் வடையும் கிரானடா கத்தரிக்காயும்

மாலை நான்கு மணி தாண்டினால் கீழப்பழுவூர் டீக்கடைகளில் எண்ணெய்ச் சட்டி காயத் தொடங்கிவிடும். முதல் ஈடு பருப்பு வடை, அடுத்து வாழைக்காய் பஜ்ஜி. சிமென்ட் லாரி ஓட்டுநர், களையெடுத்துத் திரும்பும் பெண்கள், கோயில் பார்க்க வந்த வெளியூர்க்காரர் எல்லாரும் ஒரே தட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். பேப்பரில் வைத்து எண்ணெயை ஒற்றி, விண்டு, சட்னியில் தோய்க்கும்போதே பேச்சும் தொடங்கிவிடும். “மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு டீ” என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர், “எந்த ஊருங்க?” என்று கேட்டிருப்பார்.

ஸ்பெயின்காரர்களின் தாபாஸ் இதற்குப் பங்காளி முறை. மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்கள் வாழ்ந்த கிரானடாவின் அல்பைசின் பகுதியில், ஒரு கோப்பை மது வாங்கினால் சிறு தட்டில் தின்பண்டமும் காசில்லாமல் வரும். வறுத்த கத்தரிக்காய்மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவது அந்தப் பக்கத்தில் பெயர்போனது. கத்தரி ஆசியச் செடி. கரும்புச் சாற்றைச் சர்க்கரையாக்கும் வித்தை இந்தியாவில் வளர்ந்தது. இரண்டும் அரபியர் வழியாகவே ஸ்பெயின் போய்ச் சேர்ந்தன.

1492 ஜனவரியில் மூர்கள் ஆண்ட கிரானடா வீழ்ந்தது. அதை வென்ற ஸ்பெயின் அரசியும் அரசரும்தான் அதே ஆண்டு கொலம்பஸைக் கடலுக்கு அனுப்பினார்கள். அதன்பின் அமெரிக்க மிளகாய் கடல் தாண்டியது; போர்த்துகீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழுவூர் வடையில் கடிபடும் பச்சை மிளகாயின் பூர்வீகம் அமெரிக்காதான்.

பழுவூரை ஆண்ட சிற்றரசர்களான பழுவேட்டரையர் காலத்தில் இங்கே காரம் என்றால் மிளகு. வெளியிலிருந்து வந்தது மிளகாய் மட்டுமல்ல. கேரள அரசரான பழுவேட்டரையரின் மகளைப் பராந்தக சோழன் மணந்ததாக அன்பில் செப்பேடு சொல்கிறது. அதற்கு முன்பே, பழுவூர்க் கோயிலில் மலையாள அந்தணர் வழிபட்டதைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டே வளர்ந்த மண் இது.

பழுவேட்டரையர்கள் வரும் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படித்துவிட்டு வருகிறவர்கள் ஆலந்துறையார் கோயிலையும் கீழையூர் இரட்டைக் கோயிலையும் பார்த்த கையோடு காரில் ஏறிவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. யார் யார் வந்தார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லும். வந்தவரை ஊர் எப்படி நடத்துகிறது என்பது டீக்கடை வாசலில்தான் தெரியும். டீக்கடையில் சாதி பார்த்துத் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளைக் கொடுமையை எதிர்த்துப் போராட வேண்டியிருந்த தமிழ்நாட்டில், எல்லாரும் கைநீட்டும் ஒரே வடைத் தட்டு லேசில் கிடைத்ததல்ல. பழுவூருக்கு வருகிறவர்கள் அதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கவேண்டும்.