வண்டியும் வலையும்

பொன்னேரிக்கு வடகிழக்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் பழம்பதி உள்ளது. ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பி வாணிகம் நடத்திய துறைமுகம் அதுவே. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் கரையிலும் தீவுகளிலும் வாழும் மீனவர் இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழ்க்கை நடத்துகின்றனர். முற்காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் சென்ற படகுகள் விறகையும் உப்பையும் சென்னைக்குச் சுமந்தன. இன்றோ, ஏரி மீனை வெயில் ஏறுமுன் நகரத்திற்குக் கொண்டு சேர்ப்பவற்றுள் மோட்டார் சைக்கிளும் ஒன்று.

இதனை ஈருருளி என்றும் விசையுருளி என்றும் தூய தமிழில் வழங்குவாரும் உளர். நல்ல பெயர்களே. ஆயினும், நடுவழியில் நின்றுவிட்ட ஒருவன் ‘என் விசையுருளி பழுதுற்றது’ என்று கூவினால் உதவிக்கு வருவார் எவரும் இலர். ஆதலின், மக்கள் வழங்குமாறே நாமும் இதனை வண்டி என்போம்.

பழவேற்காட்டை அடுத்த குப்பம் ஒன்றில் மீன் வணிகர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். இளமையில் வலை வீசியவர். முழங்கால் வலி கண்டபின் வலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் தொழிலை மேற்கொண்டார். விடியற்காலை நான்கு மணிக்கு ஏலம். வண்டியின் பின்னிருக்கையில் ஐஸ் நிறைந்த பெட்டியை இறுகக் கட்டிக்கொண்டு, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் வழியாகத் திருவொற்றியூரை அடைவார். போக நாற்பது கிலோமீட்டருக்கு மேல், வரவும் அவ்வளவே.

திருவொற்றியூர் மோட்டார் சைக்கிளுக்குப் புதிய ஊர் அன்று. 1955-ஆம் ஆண்டில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, இங்கிலாந்தின் புல்லட் வண்டியை அங்கேதான் செய்யத் தொடங்கிற்று. பிற்காலத்தில் அவ்வண்டி பிறந்த இங்கிலாந்திலேயே அதன் தொழிற்சாலை மூடப்பட்டது. திருவொற்றியூரில் தொழில் நிற்கவில்லை. நம் மீன் வணிகரின் வண்டி அத்தகைய பெருவண்டி அன்று. நூறு சி.சி. அளவுள்ள எளிய வண்டி. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் என்பதே அதன் பெருமை. பெட்டியின் பாரம் ஏறினால் அதுவும் சற்றுக் குறையும்.

அவர் செல்லும் வழியோ வண்டிக்குப் பகையான வழி. ஏரிக்கரையில் உப்புக் காற்று. மீஞ்சூருக்கு அப்பால் அத்திப்பட்டில் அனல் மின் நிலையம். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குக் கொள்கலன் சுமந்து ஓயாது செல்லும் லாரிகள். அவற்றின் சக்கரங்கள் எழுப்பும் மண்ணும், நிலக்கரித் தூளும், சாம்பலும் சித்திரை வெயிலில் புகைபோல் நின்றுவிடும். மனிதன் துணியால் மூக்கை மூடிக்கொள்கிறான். வண்டிக்கும் மூக்கு உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் செலவாயின் 18,000 லிட்டர் காற்றை எஞ்சின் உள்ளிழுக்கிறது. அமைதியாக இருக்கும் ஒரு மனிதன் பகலும் இரவும் உட்கொள்ளும் காற்று ஏறக்குறைய 11,000 லிட்டரே. இவ்வளவு காற்றிலும் உள்ள தூசியைத் தடுத்து நிறுத்துவது, பக்கவாட்டு மூடிக்குள் மறைந்திருக்கும் கையளவு வடிகட்டி ஒன்றுதான். மெக்கானிக்குகள் அதனை ஏர் ஃபில்டர் என்பர். மணலில் மிகுதியாயுள்ள குவார்ட்சு இரும்பினும் கடினமானது. அது உள்ளே புகுந்தால், பிஸ்டன் வளையத்திற்கும் போரின் சுவருக்கும் இடையே அரம்போல் நின்று அராவிவிடும்.

அந்த வணிகரின் வண்டி ஒரு கோடையில் இழுவை குறைந்து திணறிற்று. வடிகட்டி தூசியால் அடைபட்டிருந்தது, அவ்வளவே. வழியில் அறிமுகமான ஒருவர், “இந்தச் சனியனைக் கழற்றி எறியுங்கள்; வண்டி பறக்கும்” என்றார். அவ்வாறே கழற்றினார். வண்டியும் பறந்தது. கேடு செய்யும் அறிவுரைகள் பல, முதல் வாரத்தில் நன்மையே காட்டும். மூன்று மாதங்களில் பின்குழாயிலிருந்து நீலப்புகை எழுந்தது. நான்காம் மாதம் வண்டி ஏற்றத்தில் ஏற மறுத்தது.

பொன்னேரி மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். போரின் உட்சுவரில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் கோடுகள். ஆயில் கரிநிறமாகி, அளவில் பாதியாய் இருந்தது. இத்தகைய வண்டிகளில் ஒரு லிட்டருக்கு மேற்படாத ஆயிலே எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் உழைக்க வேண்டும். அதிற் பாதி எரிந்துபோயின் எஞ்சியது என்ன செய்யும்?

“அண்ணே, வலையை என்றைக்காவது கிழிசலோடு மடித்து வைத்திருக்கிறீர்களா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“அது எப்படித் தம்பி? அன்றன்றைக்குத் தைக்காவிட்டால் மறுநாள் மீன் தங்காதே.”

“இதுவும் வலைதான், அண்ணே. இதற்கு மட்டும் ஏன் மூன்று மாதம்?”

வணிகர் விடை கூறவில்லை. புதிய போரும் பிஸ்டனும் போடப் பல ஆயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்க வேண்டியதாயிற்று. வண்டி இன்றிக் கழிந்த ஒன்பது நாள்களில் அவருடைய வாடிக்கையாளர் சிலர் வேறு மீன்காரரிடம் சென்றுவிட்டனர். அந்த இழப்பே கடனினும் பெரிது. மீனவக் குடும்பத்தில் பிறந்த கை, வலையை உலர்த்தவும் பின்னவும் பழகிய கை. அக்கைக்கு இப்பணி தெரியாததன்று. வண்டி கடையில் வாங்கிய பொருள், அதுவே ஓடும் என்று எண்ணியதே பிழை.

அன்றுமுதல் அவர் ஒழுங்கு மாறிற்று. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கலானார். அவர் வண்டியில் உள்ளது நுரை வடிகட்டி; அதனைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சிறிது ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுவார். எண்ணெய் ஊறிய காகித வடிகட்டி உள்ள வண்டிகளில் இவ்வாறு கழுவலாகாது; மாற்றிவிடல் வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வந்த புதிய வண்டிகள் பலவற்றில் கார்புரேட்டர் நீங்கி, பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணுக் கருவி அமைந்துவிட்டது; ஆனால் வடிகட்டி நீங்கவில்லை.

செயினைப் பற்றியும் ஒரு தவறான வழக்கம் உண்டு. வறண்டு ஓசையிட்டால் அதன்மேல் ஆயிலை ஊற்றிவிடுவர். தூசியோடு ஆயில் சேர்ந்தால் அது சாணைக் குழம்பாகும். செயினையும் பற்சக்கரத்தையும் ஒருங்கே தேய்த்துவிடும். முதலில் மண்ணெண்ணெயால் அழுக்கைப் போக்கித் துடைத்து, பின்னரே கியர் ஆயில் இட வேண்டும். நடுவில் விரலால் அசைத்தால் ஓர் அங்குல அளவு தளர்ந்திருப்பது முறை. டயரின் காற்றை வண்டி ஓடுமுன், குளிர்ந்திருக்கையில் பார்ப்பதே சரி. வெயில் சாலையில் ஓடிச் சூடேறிய டயர் பொய்க்கணக்குக் காட்டும்.

யாவற்றினும் அவர் அஞ்சுவது உப்புநீரை. உருகிய ஐஸ், மீன்நீரோடு கலந்து பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, சைலென்சரையும் சக்கர விளிம்பையும் அரித்துவிடும். முன் பிரேக்கின் கம்பி அவ்வாறு உள்ளுக்குள்ளே துருவேறி, ஒருநாள் மீஞ்சூருக்கு அப்பால் லாரியின் பின்னே அறுந்தது. பின் பிரேக் பிடித்தமையால் உயிர் பிழைத்தார். அதன்பின் பெட்டிக்கு அடியில் தகடு வைத்து, நீரைக் குழாய் வழியே தரையில் வடியச் செய்தார். பிரேக் கம்பிகளைத் துரு கண்டவுடன் மாற்றுகிறார்; விலை சிறிது என்பதால் தள்ளிப்போடுவதில்லை.

நாள்தோறும் மாலையில் அடிகுழாய் நீரை வாளியில் கொணர்ந்து வண்டியைக் கழுவுகிறார். எஞ்சினின் இறகு போன்ற தகடுகளுக்கிடையே படிந்த சேற்றைத் துரிகை கொண்டு அகற்றுகிறார். காற்றே அதனைக் குளிர்விப்பது ஆதலின், சேறு மூடினால் வெப்பம் வெளியேறாது. ஆயிலை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ மாதந்தோறும் மாற்றுகிறார். வண்டி விற்றவர் கூறியதினும் இது முந்திய கணக்கு; ஆனால் விற்றவர் அத்திப்பட்டுச் சாலையில் நாள்தோறும் செல்பவர் அல்லர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் திண்ணையில் தம்பி வலை பின்னுகிறார். இவர் வண்டியை நேர்நிறுத்தியில் நிறுத்தி, ஆயில் அளவுகோலைத் துடைத்து, திருகாமல் செருகி எடுத்துப் பார்க்கிறார். வட்டிக் கடன் எட்டு மாதத்தில் தீர்ந்தது. விலகிச் சென்ற வாடிக்கையாளருள் இருவர் திரும்பி வந்துவிட்டனர். மற்றவர் இன்னும் வரவில்லை.